காலி சிலிண்டர் சரக்கா?

மூச்சக்காவின் வேன் அடிபட்டபோது அதற்குள் யாரும் இல்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

வீடு வீடாக ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய் மாட்டுவது அவள் தொழில். நுரையீரல் கெட்டுப்போனவர்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று உட்கார்ந்தே தூங்குகிறவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் என்று மொத்தம் பதினேழு வீடுகள். நிறைந்த சிலிண்டரை இறக்கி மாட்டிவிட்டு, காலியானதை ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்தப் பதினேழு வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்தான் மூச்சக்கா. அவளுடைய அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. இடுப்பு எலும்பு விலகி வீட்டோடு இருந்த அவள் புருஷன்கூட, போனை எடுத்தால் "மூச்சக்கா வீடுங்க, சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

அன்றைக்கு அவள் தபால்காரர் வீட்டில் இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் தபால்காரர்தான். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாயோடு இருப்பவர். மூச்சக்கா ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தபோது வெளியே டமார் என்று சத்தம். ஜன்னலோரம் இருந்த தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் வண்டி மூஞ்சியில குப்பை லாரிக்காரன் குத்திட்டான்மா" என்றார்.

அவள் ஓடி வருவதற்குள் லாரி போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. லாரியின் நாற்றம் மட்டும் கால் மணி நேரம் சாட்சிக்கு நின்றது. வேனின் முன்பக்கம் சப்பையாகி, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

ஏழு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பிரீமியம் கட்டியவள் அவள். அதனால் பெரிதாகப் பதறவில்லை. பாலிசியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள். இனிமையான பெண் குரல் ஒன்று, "நீங்கள் உயிருடன் இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்" என்றது. அழுத்தினாள். "நன்றி. உங்கள் பதில் எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது" என்றுவிட்டுப் பாட்டுப் போட்டது. இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் ஆள் பேசினான்.

"சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் வண்டியை ஒரு இன்ச் நகர்த்தக் கூடாது மேடம். நகர்த்தினா க்ளெய்ம் கிடையாது."

"எப்ப வருவாருங்க?"

"வருவார்."

ஒரு மணி நேரத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, வண்டியை உடனே எடுக்கச் சொன்னார். எடுக்கக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருப்பதைச் சொன்னாள். "போனைப் போட்டுக் குடுங்க, நான் பேசுறேன்" என்று வாங்கினார். அவரும் எண் ஒன்றை அழுத்தினார். பாட்டுக் கேட்டார். நாலாவது பாட்டில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தில் ஒருவித இரக்கத்தோடு அபராதச் சீட்டு எழுதினார்.

சர்வேயர் மூன்றாம் நாள் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப். தான் வந்ததற்கு ஆதாரமாக முதலில் வேனோடு சேர்த்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் அடிபட்ட முன்பக்கத்தை விட்டுவிட்டு, அடிபடாத பின்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஐந்து காலி சிலிண்டர்கள் கம்பிச் சட்டத்தில் நின்றன. மூலையில் ஒரு துணிப்பை.

"பையில என்ன?"

"தக்காளிங்க. ஒரு கிலோ. அன்னிக்கு வாங்கினது, அழுகியிருக்கும்."

"வீட்டுச் சமையலுக்கா?"

"வேற எதுக்குங்க?"

"எங்க வாங்கினீங்க?" என்று சர்வேயர் அக்கறையாகக் கேட்டார். மனுஷன் நல்லவராக இருக்கிறாரே என்று நினைத்து, கடைத்தெருவில் எந்தக் கடையில் மலிவு என்பது வரைக்கும் சொன்னாள். அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து அவர் அறிக்கையின் நகல் வந்தது. 'வாகனம் காய்கறி வாங்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது. இதை உரிமையாளர் தாமாகவே, கடையின் பெயரோடு ஒப்புக்கொண்டார்' என்று அதில் இருந்தது.

வேனை மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். "எஞ்சின் தங்கமா இருக்கு. முன்பக்கம்தான். பத்து நாள்ல முடிச்சுடுவேன்" என்றான் மெக்கானிக். ஆனால் கம்பெனி அனுமதி வராமல் ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது என்று கடிதம் வந்திருந்தது. அவன் நல்ல மனசுக்காரன். வேன் அடிபட்ட மறுநாளிலிருந்தே தன்னுடைய பழைய பிக்கப் வண்டியை, தினமும் காலை பத்துக்கு ஷெட் திறக்கும் வரைக்கும் ஓட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தான். பதினேழு வீட்டையும் காலை பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். மூச்சக்கா விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினாள். சாப்பாடு என்பது ஸ்டியரிங்குக்கு மேலே நடக்கிற காரியமாகிவிட்டது.

இன்ஷூரன்ஸ் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. நுழைந்ததும் சுவரில் பெரிய படம்: ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு கார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காரில் ஒரு கீறல் இல்லை. அவள் போக வேண்டிய இடத்துக்கு 'நோக்க நிர்ணயப் பிரிவு' என்று பெயர். வியாபாரத்துக்காக இன்ஷூர் செய்த வண்டி, அடிபட்ட நிமிஷத்தில் வியாபார நோக்கத்தோடுதான் இருந்ததா என்று கண்டுபிடிப்பது அந்தப் பிரிவின் வேலை. அங்கே இருந்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் எதையும் பேசமாட்டார். மூச்சக்கா மனசுக்குள் அவருக்கு நோக்கம் சார் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

"விபத்து நடந்தப்ப வண்டியை ஓட்டினது யாரு?" என்றார் நோக்கம் சார்.

"யாரும் ஓட்டலைங்க. நிறுத்தி வெச்சிருந்தேன்."

"ஃபாரத்துல ஓட்டுநர் பேரும் லைசென்ஸ் நம்பரும் எழுதணும். காலியா விட முடியாது."

"அப்ப யாரும் இல்லைன்னு எழுதிடட்டுமா?"

"எழுதலாம். ஆனா லைசென்ஸ் இல்லாதவர் கையில வண்டி இருந்தா பாலிசி செல்லாது. யாரும் இல்லைங்கிறவருக்கு லைசென்ஸ் இருக்கா?"

"சார், நின்ன வண்டிங்க அது."

"நின்ன வண்டியையும் யாராவது ஓட்டித்தானே இருக்கணும்?"

"ஓட்டினா அது எப்படிங்க நிக்கும்?"

நோக்கம் சார் கண்ணாடியைத் துடைத்தார். படிப்பறிவு இல்லாதவர்களிடம் பேசும்போது வரும் பொறுமை அவர் முகத்தில் வந்தது. "சரி, உங்க பேரையே போடுங்க" என்றார். அவள் போட்டாள். "இப்ப நீங்க பொய் சொல்லியிருக்கீங்க. அதைக் குறிச்சுக்கிறேன்" என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார்.

அடுத்த கேள்வி சிலிண்டரைப் பற்றி.

"உங்க பாலிசி சரக்கு ஏத்துற வண்டிக்கானது. வண்டியில அப்ப என்ன சரக்கு இருந்துச்சு?"

"அஞ்சு காலி சிலிண்டர்."

"காலின்னா, உள்ள ஒண்ணும் இல்லை."

"ஆமாங்க."

"ஒண்ணும் இல்லாததை எப்படி மேடம் சரக்குன்னு சொல்றது?"

"நிறைஞ்சதைக் குடுத்துட்டுக் காலியை எடுத்துட்டுப் போனாத்தானே சார் மறுநாள் நிரப்ப முடியும்? அதுதான் என் தொழிலே" என்றாள்.

"குடுத்த நிமிஷமே உங்க தொழில் முடிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் வண்டி என்ன நோக்கத்துல அங்க நின்னுச்சுங்கிறதுதான் கேள்வி. வண்டியில இருந்த பொருள்ல நோக்கம் உள்ளது தக்காளி மட்டும்தான்."

சிலிண்டர்களை எடை போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதற்காக இரண்டு பேர் தராசோடு ஷெட்டுக்கு வந்தார்கள். ஐந்தையும் தூக்கி வைத்து எடுத்தார்கள். அறிக்கை வந்தது: 'சிலிண்டரின் எடை முழுவதும் இரும்பின் எடையே என உறுதியாகிறது. ஆகவே வாகனத்தில் இருந்தது இரும்பு. உரிமையாளர் இரும்பு வியாபாரம் செய்வதாக விண்ணப்பத்தில் எங்கும் குறிப்பிடவில்லை.'

"இது நல்லாருக்கே. அப்ப நான் பாத்திரத்தோட சோறு கொண்டுபோனா பாத்திர வியாபாரியா?" என்று அவள் புருஷனிடம் கத்தினாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "என்கிட்ட கத்தாத. அவங்ககிட்ட கத்து" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு வேறு பேச்சு இல்லை.

ஐந்தாவது வாரம் பிக்கப் வண்டியின் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மூச்சக்கா தள்ளுவண்டி வாடகைக்கு எடுத்து, சிலிண்டர்களைக் கயிறு போட்டுக் கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் ஒரு தையல்காரம்மாவுக்கு மீட்டர் முள் சிவப்பைத் தொட்டபோதுதான் இவள் வாசலில் வந்து நின்றாள். அந்த அம்மாள் பேச முடியாமல் இவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. அந்தக் குளிர் இரண்டு நாளைக்கு மூச்சக்காவின் உள்ளங்கையைவிட்டுப் போகவில்லை.

அதை நோக்கம் சாரிடம் சொன்னால் மனசு இளகுவார் என்று நினைத்துப் போய்ச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். குறித்துக்கொண்டார்.

"ஆக, வண்டி இல்லாமயும் பதினேழு வீட்டுக்கும் போயிருக்கீங்க."

"போகாம? அவங்க செத்துடுவாங்க சார்."

"அப்ப உங்க தொழிலுக்கு வண்டி தேவையில்லைன்னு ஆயிடுச்சே. தேவையில்லாத வண்டி, தொழில் வண்டி ஆகாது."

மூச்சக்கா எழுந்து நின்றாள். "உங்க மேல ஒருத்தர் இருப்பாருல்ல? அவரைப் பார்க்கணும்" என்றாள்.

மேலாளரின் அறையில் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. அவர் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, மேடைப் பேச்சுக் குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா, இது உங்க நிறுவனம். நம்பிக்கைதான் எங்க மூலதனம். வாடிக்கையாளர் எங்களை நம்பணும். நம்புறாங்க. வருஷா வருஷம் கட்டுறாங்க. ஆனா நாங்க வாடிக்கையாளரை நம்ப ஆரம்பிச்சா நிறுவனம் எப்படி நடக்கும், சொல்லுங்க? நீங்க பிரீமியம் கட்ட வந்தப்ப உங்களை ஒரு கேள்வி கேட்டோமா? வண்டி காலியா இருக்கா, நிறைஞ்சிருக்கா, தக்காளி இருக்கான்னு ஒரு வார்த்தை? கேட்கலை. அவ்வளவு மரியாதை குடுத்தோம். அடிபட்டுட்டு வந்தாதானே கேட்கிறோம். அடிபடாத வாடிக்கையாளரை இந்த நிறுவனம் ஒரு நாளும் கஷ்டப்படுத்தினது கிடையாது. இதை நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்."

நெஞ்சைத் தொட்டார்.

"இப்ப நான் என்னதாங்க செய்யணும்?" என்றாள்.

"சுலபம். அன்னிக்கு நீங்க சரக்குக் குடுத்தது உண்மைன்னு, அதை வாங்கினவர் நேர்ல வந்து எங்க முன்னாடி கையெழுத்துப் போட்டா போதும்."

"அவர் நோயாளிங்க. மூக்குல குழாயோட இருக்கிறவர். யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்க."

"வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினா அது நாங்களே தேடிப் போன மாதிரி ஆயிடும்மா. நாங்க யாரையும் தேடிப் போறதில்லை."

இதைத் தபால்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். வாய் தவறி அவர் மனைவியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் சிலிண்டர் மாட்டப் போனபோது தபால்காரர் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை சீவி உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாங்க ஐயா. இந்த வண்டி இல்லைன்னா வேற வண்டி" என்றாள்.

"முப்பத்திநாலு வருஷம் மழையிலயும் வெயில்லயும் போய் ஊர்க்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கினவன்மா நான்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எனக்காக நின்ன வண்டி அது. ஒரு கையெழுத்துப் போட நான் வரமாட்டேனா?"

அவர் மனைவி வாசல்படியில் நின்று, "சொன்னாக் கேட்கமாட்டாரு. பார்த்துக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

கையில் தூக்குகிற சின்ன சிலிண்டர் ஒன்று இரண்டு மணி நேரம் வரும். ஒன்றை அவருக்கு மாட்டி, இன்னொன்றை மாற்றுக்கு எடுத்துக்கொண்டாள். மெக்கானிக்குக்குப் போன் செய்து, பிக்கப்பை மதியம் வரைக்கும் கேட்டு வாங்கினாள். அதில் அவரை மெதுவாக உட்கார வைத்துப் பத்தரை மணிக்கு அந்தக் கட்டடத்து வாசலில் இறக்கினாள். அங்கே காவலாளி நிறுத்தினான். அறுபதை நெருங்கும் ஆள். சட்டை அவனைவிட ஒரு சைஸ் பெரியது.

"ஒரு சிலிண்டர் மாடிக்குப் போகலாம்மா, அது அவருக்கு மாட்டியிருக்கு. மாட்டாதது சரக்கு. சரக்கு பின்கேட்டுல வெச்சுட்டுத்தான் போகணும்."

"மாத்தணுங்க இதை."

"எனக்குத் தெரியுது. என் கையில இல்லை" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சிலிண்டரை வாங்கி வைத்து, ரிஜிஸ்டரில் எழுதினான். போய் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

டோக்கன் நாற்பத்தேழு. கூப்பிட்டது பதினொன்றே முக்காலுக்கு. நோக்கம் சார் தபால்காரரின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேனின் புகைப்படத்தை நீட்டி, "இந்த அஞ்சு சிலிண்டர்ல உங்களுடையது எது?" என்றார்.

"காலியானதுங்க" என்றார் தபால்காரர்.

"அஞ்சும் காலி."

"அதுல... ஒண்ணு நான் குடிச்சது."

நோக்கம் சார் சிரிக்கவில்லை. மேலாளர் முன்னிலையில்தான் கையெழுத்து வாங்க வேண்டுமாம். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். வாடிக்கையாளர்களின் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது எப்படி என்பது பற்றிய கூட்டம். அது முடிய நேரமாகும் என்றார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு மூச்சக்கா மீட்டரைப் பார்த்தாள். "சார், இவரைக் கூட்டிட்டுப் போறேன். இன்னொரு நாள் வர்றோம்."

"போனா டோக்கன் ரத்தாயிடும். ஃபைலையும் மூடிடுவோம். அப்புறம் திறக்க மேலிடத்து உத்தரவு வேணும்."

தபால்காரர் கையைத் தூக்கி, 'இருக்கேன்' என்பதுபோல் ஆட்டினார். அவர் உதடு வெளுத்திருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நடுங்கியது. மூச்சக்கா ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடிப் படியையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பின்கேட்டில் காவலாளி எழுந்து நின்றான். "வாங்குற பிரிவோட கையெழுத்து இருந்தாத்தான் சரக்கை உள்ள..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டான். சரக்கு லிஃப்டின் சாவி நிர்வாகப் பிரிவில் இருந்தது. நிர்வாகப் பிரிவு சாப்பிடப் போயிருந்தது. அவன் சிலிண்டரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறத் தொடங்கினான். இரண்டாவது மாடியில் அவனுக்கே இரைத்தது. நிற்கவில்லை.

மேலே மேலாளர் வந்திருந்தார். கூட்டம் வெற்றிகரமாக முடிந்த சந்தோஷத்தில் தபால்காரரின் நாற்காலிக்கு எதிரில் நின்று, "உங்களைப் போன்ற மூத்த குடிமக்கள் நேரில் வந்து ஒத்துழைப்புத் தருவது எங்களுக்குக் கிடைத்த அங்கீகாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரர் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தபடி, வாயைத் திறந்து திறந்து மூடினார். நகங்கள் நீலமாகியிருந்தன. அவர் முன்னால் ஃபாரம் இருந்தது. அதில் ஒரு கோடு ஆரம்பித்து, வளைந்து, காகிதத்துக்கு வெளியே போயிருந்தது.

நோக்கம் சார் அந்தக் கோட்டை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கையெழுத்து ஒத்துப்போகலையே" என்றார் மேலாளரிடம். "நடுங்குது."

மூச்சக்கா முழங்காலிட்டு உட்கார்ந்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, ஸ்பேனரைத் திருகினாள். அவள் கை நடுங்கவில்லை. பதினொரு வருஷமாகச் செய்கிற வேலை. காற்று சீறியது. குழாயை அவர் மூக்கில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். காவலாளி ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். அந்தப் பெரிய கூடத்தில் நாற்பது பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு உணவு இடைவேளை ஒரு மணிக்குத்தான்.

தபால்காரர் கண்ணைத் திறந்த பிறகுதான் அவள் எழுந்தாள். கழற்றிப் போட்ட சிலிண்டரைத் தூக்கி நோக்கம் சாரின் மேசைமேல், அந்த ஃபாரத்தின் மேல் வைத்தாள். மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது.

"இதுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னீங்கல்ல. இது காலியாக எவ்வளவு நேரமாகும்னு இப்பத் தெரிஞ்சுதா? மனுஷன் எவ்வளவு நேரத்துல காலியாவான்னு தெரிஞ்சுதா? அவர் ஊரெல்லாம் நடந்து நடந்து கடுதாசி குடுத்தவர்யா. ஒரு கோடு போட முடியாமப் பண்ணிட்டு, நடுங்குதுன்னு சொல்றியா? நீயெல்லாம் மூச்சு விடுறியே, அது எந்த நோக்கத்துல?"

மேலாளர், "மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. மேசைக் கண்ணாடி நிறுவனச் சொத்து" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தபால்காரரை ஏற்றி, அவர் மனைவிக்குச் சொல்லி அனுப்பி, பின்னாலேயே பிக்கப்பை எடுக்க ஓடியவளைக் காவலாளி கூப்பிட்டான். கையில் அந்தச் சிலிண்டர் இருந்தது. "இதை விட்டுட்டுப் போறீங்க. வெளிய போற பொருளுக்குச் சீட்டு வேணும். இருங்க, போட்டுத் தர்றேன்" என்றான். வேகமாக எழுதி, வட்ட முத்திரை குத்திக் கிழித்துக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதை விரித்துப் படித்தாள். 'வெளியேறும் சரக்கு: காலி சிலிண்டர், ஒன்று.' கீழே அந்தக் கம்பெனியின் பெயரோடு முத்திரை. அவள் அதை ஐந்து தடவை படித்தாள். சிரிப்பு வரவில்லை. உள்ளே திரைக்குப் பின்னால் தபால்காரருக்கு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, சீட்டின் பத்து நகல்களோடு மூன்றாவது மாடிக்குப் போனாள். டோக்கன் வாங்கவில்லை. நேராகப் போய் நோக்கம் சார் முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். படித்தார். மறுபடியும் துடைத்தார். "காவலாளி எங்க ஊழியர் இல்லை. காண்ட்ராக்ட் ஆள்."

"முத்திரை யாரோடது?"

"முத்திரை... எங்களுடையது."

"உங்க வாசல்ல சரக்கு, உங்க மாடியில சரக்கு இல்லை. இதை கோர்ட்டுல படிச்சுக் காட்டட்டுமா, இல்லை வாசல்ல நின்னு படிக்கட்டுமா? எனக்குச் சத்தமாப் படிக்கவும் தெரியும்."

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. 'மனிதாபிமான அடிப்படையில்' என்று கடிதம் ஆரம்பித்தது. இதை யாரும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று முடிந்தது. நடுவில், வண்டியிலிருந்த ஆறு பொருட்களில் தக்காளி சொந்த உபயோகத்துக்கானது என்பதால் ஆறில் ஒரு பங்கும், மேசைக் கண்ணாடிக்கான விலையும் கழிக்கப்பட்டிருந்தன. கூடவே இன்னொரு கடிதம்: காலி சிலிண்டர் சரக்கு என்று நிரூபணமாகிவிட்டதால், அவள் தொழில் இனி அபாயகரமான சரக்கு வகையில் சேர்க்கப்படும்; அடுத்த வருஷத்திலிருந்து பிரீமியம் இரண்டு மடங்கு.

தபால்காரர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். முன்னெல்லாம் பதினாறு மணி நேரம்தான். குளிக்க, சாப்பிட, வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்க்க என்று எட்டு மணி நேரம் குழாய் இல்லாமல் இருப்பார். இப்போது இருபத்திநாலு மணி நேரமும் வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். "உனக்கு வியாபாரம் கூடிடுச்சு மூச்சக்கா" என்று அவர் சொன்னபோது அவள் சிலிண்டருக்குப் பின்னால் குனிந்து, கீழே விழாத திருகாணியைத் தேடுவதுபோல் ரொம்ப நேரம் தேடினாள்.

காவலாளிக்கு வேலை போய்விட்டது. அனுமதியில்லாமல் சரக்கை மாடிக்குக் கொண்டுபோனது ஒரு குற்றம், அதைச் சரக்கு என்று எழுதியது பெரிய குற்றம். ஆளை விசாரித்துக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு நாள் ஆயிற்று. மனைவியோடு உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். "சிலிண்டர் தூக்க ஆள் வேணும். படியேறத் தெரிஞ்சவரா வேணும்" என்றாள். அவன் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தான்.

வேன் தெருவுக்கு வந்தது. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி குற்றம். பழைய பாலிசி அந்த மாதத்தோடு முடிந்தது. எதிர்த் தெருவில் வேறொரு கம்பெனி. அங்கேயும் சுவரில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு கார். ஓர் இளம்பெண் சிரித்த முகத்தோடு ஃபாரத்தை நீட்டினாள்.

மூச்சக்கா பேனாவை வாங்கி நிதானமாக எழுதிக்கொண்டே வந்தாள். பதினான்காவது கேள்வி: 'இதற்கு முன் உங்களுக்கு விபத்து ஏதேனும் நேர்ந்துள்ளதா? நேர்ந்திருப்பின் இடமும் விவரமும் தருக.'

வெளியே வேனில் காவலாளி ஹாரனைத் தொட்டு ஒரு சத்தம் கொடுத்தான். தையல்காரம்மா வீட்டுக்கு நேரமாகிறது.

'இரண்டு' என்று எழுதினாள் மூச்சக்கா. 'ஒன்று, தபால்காரர் வீட்டு வாசலில், குப்பை லாரியால். சேதம் வண்டிக்கு மட்டும். மற்றது, இன்ஷூரன்ஸ் அலுவலகம், மூன்றாவது மாடி.'

எழுதிவிட்டு, பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.